சர்க்கரை நோயாளியின் குறட்டைக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஆம்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருப்பது இது. அப்பாவுக்கு வயது 56. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வகை பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் 150-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. தோல் தொழிற்சாலையில் காவலாளி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று பணி மாறும். படுத்தவுடன் குறட்டை. அம்மா தன் பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டு வருடக்கணக்காகிறது. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். பகலில் வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்தால் மாதனூர் வருவதற்குள் தலை சாய்ந்துவிடுகிறது. ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் சரியாக இருக்கின்றன. ஒரு மருத்துவர் ஓர் இரவு தங்கி ‘ஸ்லீப் ஸ்டடி’ எடுக்கச் சொல்லியிருக்கிறார். “குறட்டைக்கெல்லாம் டெஸ்டா? காசு பிடுங்கும் வேலை” என்கிறார்கள் உறவினர்கள். எடுக்கத்தான் வேண்டுமா? தூக்கத்துக்கும் இதயத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

எடுங்கள். தொடர்பு உண்டு. வேலூர் வட்டாரத்தில் நெடுங்காலமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவரும் பொது மருத்துவன் என்ற முறையில் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உறவினர்களுக்கும் படித்துக் காட்டலாம்.

குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கும்பகர்ணனால் வந்த வினை என்று நினைக்கிறேன். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும் தாடை சிறியதாக அமைந்தவர்களுக்கும் மூச்சு போகும் வழி அப்போது குறுகிவிடும். குறுகிய வழியில் காற்று அதிர்ந்து செல்லும் ஓசைதான் குறட்டை. அந்த வழி முழுவதுமாக ஒட்டிக்கொண்டு 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அதை ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்க மூச்சடைப்பு என்கிறோம். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதே இந்த நோயின் அளவுகோல். 5-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

ஓர் அம்மா தன் கைபேசியில் எடுத்துவந்து என்னிடம் காட்டிய காட்சி இது. கணவர் மல்லாந்து படுத்திருக்கிறார். குறட்டை படிப்படியாக ஏறி உச்சத்துக்குப் போய், சட்டென்று அறுந்துவிடுகிறது. மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கேட்கிறது. ஆனால் வயிறு ஓய்ந்திருக்கவில்லை. ஏறி இறங்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது, காற்றுதான் உள்ளே போகவில்லை. கைபேசித் திரையின் ஓரத்தில் வினாடிகள் ஓடுகின்றன. அரை நிமிடம் ஆகப்போகும் நேரத்தில் பெரிய திணறல், காலில் ஓர் உதறல், வாயை இரண்டு முறை சப்புக்கொட்டிவிட்டு மறுபடியும் குறட்டை. “என்னங்க, என்னங்க” என்று அந்த அம்மா கூப்பிடும் குரல் நடுங்குகிறது. அவரோ என் எதிரில் உட்கார்ந்து, “நான் நன்றாகத்தான் தூங்குகிறேன் டாக்டர், இவள்தான் பயப்படுகிறாள்” என்கிறார். பொய் சொல்லவில்லை. மூளை ஓரிரு வினாடிகள் விழித்து, மூச்சைத் திறந்துவிட்டு, மறுபடி உறங்கிவிடுகிறது. அது நினைவில் தங்குவதில்லை. அதனால்தான் இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பவர் பக்கத்தில் படுப்பவராக இருக்கிறார்; உங்கள் அம்மா கூடத்துக்குப் போய்விட்டதால் உங்கள் வீட்டில் அந்தச் சாட்சி இல்லாமல் போயிற்று. ஓர் இரவு அப்பாவின் அறையில் இருந்து, இப்படி ஒரு பதிவை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த அரை நிமிடத்தில் இதயம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரிகிறது. கடுமையான நோயாளிகளுக்கு 80 சதவீதத்துக்குக் கீழேயும் போவதுண்டு. உடனே அட்ரினலின் பாய்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகி, மூச்சு திரும்பும் கணத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. அடைத்த தொண்டையை எதிர்த்து நெஞ்சு இழுக்கும் இழுப்பில் இதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர்களும் சேர்ந்து இழுபடுகின்றன. மணிக்கு முப்பது நாற்பது முறை, இரவு முழுக்க, ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் மேலறைகள் விரிந்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு வரலாம். அதிலிருந்து பக்கவாதம் அதிக தூரமில்லை.

ரத்த அழுத்தம் இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். பகலெல்லாம் உழைத்த ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு அந்த இறக்கம் குறைந்துவிடுகிறது. சிலருக்கு இரவில்தான் அதிகமாகவே இருக்கிறது. உங்கள் அப்பாவின் பிரஷர் மாத்திரைக்கு மசியாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் தூக்கத்தைப் பற்றி விசாரிப்பது நல்ல வைத்தியம். ஈ.சி.ஜி., எக்கோ சரியாக இருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டும் பகலில், விழித்திருக்கும்போது, அசையாமல் படுக்கவைத்து எடுத்தவை. இரவு இரண்டு மணிக்கு நடப்பது அவற்றில் பதிவாகாது.

திடீர் இதய மரணங்கள் பொதுவாகக் காலை நேரத்தில் அதிகம். மூச்சடைப்பு நோயாளிகளுக்கு அந்தக் கடிகாரமே மாறிவிடுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், திடீர் இதய மரணம் அடைந்தவர்களில் மூச்சடைப்பு உள்ளவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே இறந்திருந்தார்கள். அந்த நோய் இல்லாதவர்களில் அந்த நேரத்தில் இறந்தவர்கள் 21 சதவீதம். அதே ஆண்டு வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு, கடுமையான மூச்சடைப்புக்குச் சிகிச்சை எடுக்காத ஆண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களிடம் தெளிவாகக் கூடுதலாக இருந்தன.

இனி சர்க்கரைக்கு வருவோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. இவர்களில் எத்தனை பேரிடம் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உடல் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் சேர்ந்த 306 பேரை அமெரிக்காவில் தூக்க ஆய்வுக்கு உட்படுத்தி, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். 86 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் மூச்சடைப்பு இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

உறவு இருவழியானது. தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும். சிகாகோவில் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் நீரிழிவின் தொடக்க நிலையில் இருப்பவர்களைப் போலக் குறைந்துபோனது. இது 1999-இல் வெளியான ஆய்வு. மூச்சடைப்பில் தூக்கம் துண்டுதுண்டாவதோடு ஆக்சிஜனும் இறங்கி ஏறுவதால் இன்சுலின் வேலை செய்வது இன்னும் கடினமாகிறது. இன்னொரு பக்கம், நெடுநாள் சர்க்கரை இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் அரித்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலே வரக்கூடும். ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாய்கள், உணர்விழந்த நரம்புகள், இரவெல்லாம் அட்ரினலின்: இம்மூன்றும் ஒருவரிடமே சேர்வதுதான் சர்க்கரை நோயாளியின் சிக்கல்.

“அப்பா அவ்வளவு குண்டு இல்லையே” என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். நம்மவர்களுக்குக் கைகால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும். அதனால்தான் உடல் பருமனுக்கான எல்லையை, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. குறியீட்டில், மேலைநாட்டாருக்கு 30 என்றும் நமக்கு 25 என்றும் வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 எல்லை. அம்மாவையும் மறக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் மூச்சடைப்பு கூடுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்லமாட்டார்கள், “உடம்பு அசதி, ராத்திரி தூக்கமே வருவதில்லை” என்பார்கள். அதை மனக்கவலை என்று எழுதி அனுப்பிவிடுவது எளிது.

இரவில் சிறுநீர் கழிக்க எழுவதற்கு எல்லோரும் சர்க்கரையையே குற்றம் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் அது உண்மையே. 56 வயதில் புராஸ்டேட்டும் காரணமாகலாம். ஆனால் மூச்சடைப்பும் இதைச் செய்யும். நெஞ்சின் இழுப்பில் மேலறை விரியும்போது, உடலில் நீர் மிகுந்துவிட்டதாக இதயம் தப்புக்கணக்குப் போட்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிகிச்சை தொடங்கிய பிறகு இரவில் எழுவது நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. நீர் பிரியும் மாத்திரையோ, எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் போல் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையோ அவர் இரவில் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். காலைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். பின்னவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வாரம் மாறும் இரவுப் பணி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகள், ராணிப்பேட்டை சிப்காட், வேலூரின் மருத்துவமனைகள் என்று இந்தப் பகுதியில் பாதி ராத்திரியில் விழித்திருப்பவர்கள் ஏராளம். இரவு இரண்டு மணிக்குச் சாப்பிடும் பரோட்டா, அதே பரோட்டாவைப் பகலில் சாப்பிடுவதைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். அந்த நேரத்தில் இன்சுலின் மந்தமாக வேலை செய்கிறது. காலையில் வீடு திரும்பிப் படுத்தால், கத்திரி வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் யாரால் ஆறு மணி நேரம் தூங்க முடியும்? பணியை நிரந்தரப் பகலுக்கு மாற்றிக் கேட்க மருத்துவச் சான்று உதவும், கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், திரும்பியவுடன் வெயில் ஏறுவதற்கு முன்பே படுக்கட்டும். சன்னலுக்குக் கனத்த திரை. நள்ளிரவுக்குப் பிறகு கனமான சாப்பாடு வேண்டாம்.

அதைவிட முக்கியம், கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் பகல் வாரத்துக்கு ஒரு நேரம், இரவு வாரத்துக்கு ஒரு நேரம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சட்டை நனையும் வியர்வை, கெட்ட கனவு, எழுந்தவுடன் தலைவலி ஆகியவை அதன் அடையாளங்கள். தாழ்சர்க்கரையும் அட்ரினலினைத் தட்டி எழுப்பும், இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும். சந்தேகமிருந்தால் தூக்கத்தின் நடுவே எழுப்பி, விரலில் குத்தி ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து படுத்து, விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழும் மாதத்தில் தூக்கமும் மாத்திரை நேரமும் சேர்ந்தே இடம் மாறுகின்றன. நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

படுத்தவுடன் கால் குடைகிறது, எழுந்து நடந்தால் சரியாகிறது என்றால் அது வேறு தொல்லை. இரும்புச் சத்துக் குறைவால் வருவதுண்டு, உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். நடந்தாலும் போகாத பாத எரிச்சல் சர்க்கரை நரம்பு நோய். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைந்து இந்த எரிச்சல் கூடுவதும் உண்டு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் சரியில்லை என்று மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். மூச்சடைப்பு உள்ளவருக்கு அது தொண்டையை இன்னும் தளர்த்தி, மூளை விழித்துக் காப்பாற்றுவதையும் தாமதப்படுத்தும். படுக்கும் முன் குடிக்கும் மதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சோதனைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. உலகெங்கும் பயன்படும் எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது: பலத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், அதிக எடை, 50-ஐத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்து, ஆண் என்பது. மூன்று பொருந்தினால் சந்தேகம், ஐந்து பொருந்தினால் பலத்த சந்தேகம். நீங்கள் எழுதியதிலேயே அப்பாவுக்கு ஐந்து தேறிவிட்டன. சட்டைக் காலர் 16 அங்குலம் என்றால் ஆறு.

ஸ்லீப் ஸ்டடியில் ஊசி, கத்தி எதுவும் கிடையாது. தலையில் சில ஒயர்கள், மூக்கில் சிறு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். அவ்வளவையும் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கான ஆய்வுக்கூடம் உண்டு. மூச்சடைப்பு என்று பலமாகச் சந்தேகிக்கும் எளிய நோயாளிகளுக்கு, வீட்டிலேயே படுத்து எடுக்கும் சிறிய கருவியும் போதும், செலவு குறையும். இரவுப் பணி வாரத்தில் எடுக்க வேண்டாம், பகல் பணி வாரத்தில் எடுங்கள். கைக்கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மூச்சடைப்பு உறுதியானால் பெரும்பாலும் சிபேப் கருவியைச் சொல்வார்கள். சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் அறிமுகப்படுத்தியது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. முதல் சில இரவுகள் எரிச்சலாக இருக்கும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். முகமூடியின் அளவு சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்ப்பது புத்திசாலித்தனம். புழுதி மிகுந்த ஊர் என்பதால் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். மின்வெட்டு இருக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்பு தேவை.

இனிமேல் மாரடைப்பே வராதா என்று கேட்பீர்கள். அப்படி யாரும் உத்தரவாதம் தர முடியாது, தந்தால் நம்பாதீர்கள். ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், சிபேப் கொடுத்த குழுவிலும் கொடுக்காத குழுவிலும் மாரடைப்பு, பக்கவாதத்தின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் கருவியைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். பகல் தூக்கம் மிகுந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை. அதே ஆய்வில் பகல் அசதி குறைந்தது, மனநிலை மேம்பட்டது. ரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை அளவில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் அப்பா போல் பஸ்ஸிலேயே தூங்கிவிடுபவருக்கு, பிரஷர் அடங்காதவருக்கு, நான் தயங்காமல் கருவியைப் பரிந்துரைப்பேன். அதற்காகக் கொலஸ்ட்ரால் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ விட்டுவிடக் கூடாது. மாரடைப்பைத் தடுப்பதில் நிரூபணமான முன்வரிசை அவைதான். பீடி, சிகரெட்டை நிறுத்துவதும் அதே வரிசையில். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

எடை குறைந்தால் மூச்சடைப்பும் குறையும். பத்து சதவீத எடை இறங்கினால் மூச்சு நிற்கும் எண்ணிக்கை கால் பங்கு குறையலாம் என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்டகால ஆய்வு 2000-இல் கணித்தது. 80 கிலோ மனிதருக்கு 8 கிலோ, எட்டாத கனவல்ல. டிர்செபடைடு என்ற வாராந்திர ஊசியை, பருமனோடு சேர்ந்த மூச்சடைப்புக்கென்றே 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இங்கேயும் விற்கிறார்கள், விலைதான் கண்ணைக் கட்டும். செலவில்லாத வழி ஒன்று: மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது. பனியனின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துவிட்டால் புரளும்போது அதுவே திருப்பிவிடும். லேசான நோய்க்கு இது கணிசமாக உதவும்.

கடைசியாக இரண்டு. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலி இல்லாமல் திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, மேல்வயிற்றில் அழுத்தம் வந்தாலும் வாயுத்தொல்லை என்று சோடா கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் தர வேண்டிய முதல் மாத்திரைகள் அங்கேயே இருக்கின்றன.

இன்னொன்று, அப்பாவுக்குக் கால் புண்ணுக்கோ வேறு எதற்கோ அறுவைச் சிகிச்சை வந்தால், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் குறட்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் அபாயம் இவர்களுக்கு அதிகம். சிபேப் கருவி வாங்கியிருந்தால் அதையும் பையில் எடுத்துப் போங்கள்; அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றிரவு வார்டிலேயே அவருக்கு மாட்டச் சொல்வார்கள்.